ஊன்றிய கால்

சிம்மக்கல் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கிறவர் அதற்குள் நாலைந்து முறையாவது கால் மாற்றிக்கொள்வார். பை கனத்தாலும் கனக்காவிட்டாலும் உடம்பின் பாரம் வலது காலிலிருந்து இடது காலுக்குப் போகும். சற்று நேரத்தில் திரும்பி வரும். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. பக்கத்தில் நிற்பவரும் கவனிப்பதில்லை. பூக்கூடையை இடுப்பில் வைத்திருக்கும் அம்மா ஒரு பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி, மறுகாலின் கெண்டைச் சதையில் இரண்டு தேய்ப்பு தேய்த்து, மறுபடி செருப்புக்குள் நுழைத்துக்கொள்கிறார். பேருந்து வந்துவிடுகிறது.

அங்கிருந்து தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில். சுவாமி சன்னதிக்குள் வெள்ளியம்பலம். நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்று. தில்லையில் இடது காலைத் தூக்கி வலது காலில் நின்று ஆடுகிறவர், இங்கே வலது காலைத் தூக்கி இடது காலில் நிற்கிறார். எதற்காக மாற்றிக்கொண்டார் என்பதற்கு ஊர் சொல்லும் காரணம், பூக்கூடைக்கார அம்மாவுக்கும் தெரிந்த காரணம்தான். கால் வலிக்கும்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இது 24-ஆவது படலம். ராஜசேகர பாண்டியன் 63 கலைகளில் தேர்ந்தவன். பாக்கி இருந்தது ஆடல் ஒன்றுதான். சோழ நாட்டிலிருந்து வந்த புலவர், தங்கள் கரிகாற்சோழனுக்கு 64 கலையும் தெரியும் என்று சொல்லிவைக்க, பாண்டியனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆடப் பழகினான். பழகிய பிறகுதான் ஆட்டம் என்றால் என்னவென்று அவன் உடம்புக்குத் தெரிந்தது. தொடை பிடித்திருக்கும், கெண்டைக்கால் இறுகியிருக்கும், கரண்டைக்கால் கடுத்திருக்கும். அந்த வலியோடு வெள்ளியம்பலத்துக்கு வந்தவனுக்கு, அதுவரை எத்தனையோ முறை கும்பிட்ட உருவம் வேறு மாதிரித் தெரிந்தது. கொஞ்ச காலம் ஆடிய தனக்கே இந்தப் பாடு என்றால், எந்நேரமும் ஒரே காலில் நிற்கிறவருக்கு எப்படி இருக்கும்? கால் மாற்றி ஆடும்படி வேண்டினான். மாற்றாவிட்டால் வாளை நட்டு அதன்மேல் விழுந்து உயிரை விடுவேன் என்றான். கண்ணை மூடித் திறந்தான். கால் மாறியிருந்தது.

குழந்தைக்குச் சொல்லும்போது இந்தக் கதையில் சிக்கல் ஏதும் இல்லை. வளர்ந்தபின் யோசித்தால் உள்ளே ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. பிறப்பும் இறப்பும் இல்லாத பரம்பொருளுக்குக் கால் வலிக்குமா? வலிக்காது என்றால், அரசன் அறியாமல் கேட்டான், அவன் மனம் நோகக் கூடாதென்று இறைவன் இசைந்தான் என்று ஆகிறது. வலிக்கும் என்றால், இறைவனும் நம்மைப் போல உடம்புக்குள் அகப்பட்டவர் ஆகிவிடுகிறார். சைவ சித்தாந்தம் கற்றவர்கள் முதல் பதிலைத்தான் சொல்வார்கள். இறைவன் எடுக்கும் திருமேனி அருளால் எடுத்தது, வினையால் வந்ததல்ல. வினை இல்லாத இடத்தில் நோவும் இல்லை. தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க முடியாத பதில்.

ஆனால் மதுரைக்காரர்களின் கதைகள் அந்தப் பதிலோடு நின்றுவிடவில்லை. வைகை உடைப்பெடுத்தபோது வந்திக் கிழவியின் கூலியாளாக வந்து, பிட்டு வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமக்காமல் ஆடிப் பாடித் திரிந்தவர் முதுகில் பாண்டியனின் பிரம்பு விழுந்தது. அந்த அடி அடித்தவன் முதுகிலும் பட்டது, ஊரில் இருந்த அத்தனை உயிர்மீதும் பட்டது. இறைவனுக்கு வலித்ததா என்ற கேள்விக்குள்ளேயே அந்தக் கதை போகவில்லை. அவர்மேல் விழுந்தது எல்லோருக்கும் வலித்தது என்பதோடு விட்டுவிடுகிறது. கால் மாறிய கதையில் வலி எதிர்த்திசையில் பயணம் போகிறது: ஒரு மனிதனின் காலில் எழுந்து, இறைவனின் காலைத் தேடிப் போகிறது. மேலிருந்து கீழே வரும் வலியும் கீழிருந்து மேலே போகும் வலியும் ஒரே ஊரில், ஒரே நூலில் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் படிக்காமல் ஒன்றை மட்டும் விளையாட்டு என்று தள்ளிவிடுவது சரியாகப் படவில்லை.

திருவடிக்குத் தமிழில் இருக்கும் மரியாதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திருக்குறளின் முதல் அதிகாரத்தில் பத்துக் குறள். அவற்றில் ஏழில் இறைவனின் அடி வருகிறது, அல்லது தாள் வருகிறது. முகம் ஒன்றில்கூட இல்லை. பெருமாள் கோயிலில் சடாரி என்ற பெயரில் அவருடைய பாதம் நம் தலைக்கு வருகிறது. கூத்தப்பெருமானைக் கும்பிடுகிறவர் கண்ணும் காலுக்குத்தான் போகும். எந்தக் கால் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்றான உண்மை விளக்கம், கூத்தனின் உருவத்தில் ஐந்தொழிலையும் வைத்துக் காட்டுகிறது. உடுக்கை படைக்கிறது, அமைந்த கை காக்கிறது, தீ அழிக்கிறது. தூக்கிய திருவடி வீடுபேறு தருகிறது. ஊன்றிய திருவடிக்கு உரியது மறைத்தல். உயிர் பக்குவப்படும் வரை உண்மையை அதன் கண்ணிலிருந்து மறைத்து, உலகத்தில் உழன்று தேற விடும் தொழில் அது. இதனால் பக்தர் நெஞ்சம் இயல்பாகவே தூக்கிய பாதத்தின்மேல் போய் நிற்கிறது. குஞ்சிதபாதம் என்று பெயர் வைத்து, பாடி, பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தோம். ஊன்றிய பாதத்துக்கு அவ்வளவு புகழ் இல்லை. ராஜசேகர பாண்டியன் பார்த்தது அந்தப் பாதத்தைத்தான்.

அவனுக்கு முன்னாலும் வெள்ளியம்பலத்தில் பார்வையாளர்கள் இருந்தார்கள். மீனாட்சி கல்யாணத்துக்கு வந்த பதஞ்சலியும் வியாக்ரபாதரும், தில்லைக் கூத்தைக் காணாமல் சாப்பிடுவதில்லை என்று சொன்னதால்தான் மதுரையில் இந்த ஆட்டமே நடந்தது என்கிறது அதே புராணத்தின் ஆறாவது படலம். பதஞ்சலிக்கு இடுப்புக்குக் கீழே பாம்பு உடல், கால் கிடையாது. வியாக்ரபாதருக்கு இருப்பது புலிக்கால்; வண்டு மொய்க்கும் முன் மரமேறிப் பூப்பறிப்பதற்காகக் கேட்டு வாங்கியது. புலி விரல்களில் நடக்கும் பிராணி, அதன் குதிகால் தரையைத் தொடுவதில்லை. இரு முனிவரும் மகா ஞானிகள், ஆனால் மனிதப் பாதம் யாரிடமும் இல்லை. குதிகால் முதல் விரல் நுனி வரை தரையில் பதித்து, இரண்டே காலில் நிற்கும் பாதம் உள்ள ஒருவன் வந்து பார்த்தபோதுதான் அந்தக் கேள்வி பிறந்தது. கதையைக் கட்டியவர் இதை எண்ணிக் கட்டினாரா என்று தேட வேண்டியதில்லை. கதை அப்படி அமைந்திருக்கிறது.

அந்த மனிதப் பாதம் எப்படிப்பட்டது? ஒரு பாதத்தில் 26 எலும்புகள். கணுக்கால் பக்கம் ஏழு, நடுவில் நீளமாக ஐந்து, விரல்களில் பதினான்கு. இரு பாதத்துக்கும் 52. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் மொத்தம் 206. கணக்குப் போட்டால் உடம்பின் எலும்புகளில் கால்வாசி, கணுக்காலுக்குக் கீழே இருக்கிறது. நாலில் ஒரு பங்குக்குத் தமிழில் கால் என்றே பெயர். சொல்லும் எலும்பும் இப்படி வந்து பொருந்துவதைக் காணும்போது மனம் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறது.

முழங்காலுக்குக் கீழே வரும் இரண்டு எலும்புகளின் கடைசி முனைகள்தான் கரண்டையின் இரு பக்கமும் முண்டாகத் தெரிபவை. அந்த இரண்டு முண்டுகளுக்கும் நடுவே, தச்சர் துளையில் கழுந்தை இறக்கியது போல, தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது. உடம்பின் முழுப் பாரமும் இதன் தலையில் இறங்கி, இங்கிருந்துதான் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் பிரிகிறது. ஆனால் இதைப் பிடித்து இழுக்க ஒரு தசைகூட இதன்மேல் ஒட்டவில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளும் இணைப்பு நார்களும் அணைத்துப் பிடித்திருப்பதால் மட்டுமே அது இடத்தில் இருக்கிறது. இதன் மேற்பகுதி முன்னால் அகலம், பின்னால் குறுகல். முழங்காலை மடக்கி உடம்பை முன்னே சாய்த்தால் அகலமான பகுதி துளைக்குள் ஏறி இறுகிக்கொள்கிறது. விரல் நுனியில் எம்பினால் குறுகலான பகுதி வந்து, மூட்டு தளர்ந்துவிடுகிறது. படியிறங்கும்போது பாதம் உட்பக்கமாக மடங்கிச் சுளுக்கிக்கொள்வது பெரும்பாலும் அந்தத் தளர்ந்த நேரத்தில்தான்.

இதைத் தெரிந்துகொண்டு நடராஜரின் ஊன்றிய காலைப் பார்க்க வேண்டும். அது நேராக விறைத்து நிற்பதில்லை, முழங்கால் மடங்கியிருக்கும். பரதநாட்டியத்தில் அரைமண்டி நிற்பவர்களுக்கு இந்த மடக்கு நன்றாகத் தெரியும். முழங்கால் முன்னே வந்தால் கரண்டை பூட்டிக்கொள்ளும், ஆடுகிறவர் தடுமாற மாட்டார். அந்தப் பூட்டுக்கு விலை உண்டு. மடக்கிய காலைத் தாங்கத் தொடையும் கெண்டைக்காலும் இடைவிடாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பாண்டியனுக்கு வலித்தது அங்கேதான். இது போதாதென்று பாதத்துக்கு அடியில் முயலகன் கிடக்கிறான். சமதரையில்லை, புரளும் முதுகு. மேடுபள்ளத்துக்கு ஏற்பப் பாதத்தை உள்ளும் புறமும் சாய்த்துக்கொடுப்பது தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டு. வீட்டில் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று குனிந்து பார்த்தால், கரண்டையைச் சுற்றியுள்ள நாண்கள் ஒன்று மாற்றி ஒன்று துள்ளுவது தெரியும். மேலே முகம் அமைதியாக இருக்கும். கீழே ஓயாத வேலை நடக்கும்.

இரண்டு காலில் நிற்பதும் சும்மா நிற்பது அல்ல. உடம்பின் எடை இறங்கும் கோடு கரண்டை மூட்டுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. கெண்டைக்கால் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்காவிட்டால் மனிதன் முகம் குப்புற விழுவான். கெண்டைச் சதைக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அது சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அதனால் மருத்துவர்கள் அதை இரண்டாம் இதயம் என்பார்கள். அசையாமல் நின்றால் அந்த இதயம் வேலை செய்யாது, ரத்தம் கீழே தேங்கும். சிம்மக்கல்லில் கால் மாற்றி நிற்கிறவர்களின் உடம்பு யாரும் சொல்லித்தராமலே இதற்கு வழி கண்டிருக்கிறது. நடந்தால் இன்னும் நல்லது. ஒரு நடையில் ஒரு பாதம் ஏறக்குறைய 60 சதவீத நேரம் ஊன்றியிருக்கும், 40 சதவீத நேரம் தூக்கியிருக்கும். பிறகு முறை மாறும். ஊன்றிய பாதம் தூக்கிய பாதமாவதும் தூக்கியது ஊன்றுவதும் வடக்கு மாசி வீதியில் நடக்கிற ஒவ்வொருவரிடமும் நடந்துகொண்டே இருக்கிறது. மறைத்தலும் அருளலும் ஒரே உடம்பின் இரண்டு கால்கள் என்று சாத்திரம் சொன்னது, இப்படி யோசித்தால் பிடிபடுகிறது.

பாதத்தின் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பதற்கும் காரணம் உண்டு. ஓடும்போது அந்த வளைவு அமுங்கி விரிகிறது. அப்படி விரிவதால், ஒவ்வோர் அடியிலும் கைமாறும் ஆற்றலில் ஏறக்குறைய 17 சதவீதத்தை வில்போலச் சேர்த்துவைத்துத் திருப்பித் தருகிறது என்று 1987-இல் மக்நீல் அலெக்சாண்டரும் சகாக்களும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதற்கும் முன்பு, 1954-இல், ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் உள்ளங்காலில் குதியிலிருந்து விரல் வரை ஓடும் தடித்த சவ்வைப் பற்றிச் சொன்னார். குதிகால் எழும்பி விரல்கள் மடங்கும்போது, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொள்வது போல அந்தச் சவ்வு விரல் மூட்டைச் சுற்றி இழுபடுகிறது. வளைவு உயர்ந்து, தொளதொளவென்றிருந்த பாதம் உந்துவதற்கு ஏற்ற விறைத்த நெம்புகோல் ஆகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுரீரென்று குத்துகிறதே, பெரும்பாலும் இந்தச் சவ்வு குதியில் பற்றியிருக்கும் இடத்தின் நோவுதான் அது.

நீளவாக்கு வளைவுதான் எல்லாம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மதுசூதன் வெங்கடேசன், அவருடன் ஷ்ரேயஸ் மாந்த்ரே, மகேஷ் பாண்டி ஆகியோர் அடங்கிய குழு, பாதத்தின் குறுக்கே உள்ள வளைவைச் சோதித்துப் பார்த்தது. பாதத்தின் விறைப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் அந்தக் குறுக்கு வளைவு தருவது என்று தெரியவந்தது. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், வாழைத்தோட்டம் போதும். வாழையிலையின் நடுக்காம்பு ஓடம்போலக் குறுக்கே வளைந்திருப்பதால்தான் அவ்வளவு நீள இலையைத் தூக்கி நிறுத்த முடிகிறது. அந்தக் காம்பைத் தட்டையாக நசுக்கிவிட்டால் இலை தொங்கிவிடும்.

இத்தனை நுட்பமான உறுப்பைச் செருப்பில்லாமல் கோயிலுக்குள் கொண்டுபோகச் சொல்கிறது நம் வழக்கம். பாதத்துக்கு அது நல்லதா? மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் 1992-இல் 2,300 குழந்தைகளின் பாதங்களை ஆராய்ந்து எழுதினார்கள். காலணி போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். தரையைத் தொட்டு வளரும் பாதம் தன் வளைவைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்காக எல்லோரும் எப்போதும் வெறுங்காலில் நடக்கலாம் என்று சொல்லிவிட முடியாது. சித்திரை வெயிலில் கொதிக்கும் பிரகாரக் கல், சர்க்கரை நோயால் உள்ளங்கால் மரத்துப்போனவரைச் சுட்டால் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அப்படிப்பட்டவர்கள் கோயில் வாசல் வரை தக்க செருப்போடு வருவதும் பிரகாரத்தில் விரிப்பு போட்ட இடத்தில் மட்டும் நடப்பதும் பக்திக்குக் குறைவாகாது. பாதயாத்திரைக்குக் கிளம்பும் பெரியவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பாதம் தாங்குவதோடு, தொட்டு அறியவும் செய்கிறது. கண்ணப்பர் தம் இரண்டாவது கண்ணையும் தோண்டி எடுக்கப்போனபோது, பார்வை போனபின் இடம் தெரிய வேண்டுமே என்று, சிவலிங்கத்தின் கண் இருந்த இடத்தில் தம் பாதத்தை ஊன்றி அடையாளம் வைத்தார். ஆகமம் தெரிந்தவர்கள் பதறக்கூடிய காரியம். கண் இல்லாத நேரத்தில் கால் கண்ணாக இருக்கும் என்பது அந்த வேடருக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளங்கால் தோலில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் நிறைந்திருக்கின்றன. இருட்டில் நாம் விழாமல் நிற்பதில் அவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்த உணர்வு போனால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்ன இடங்களில் ஒன்று வேலூர். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதாக அப்போது நம்பினார்கள். அப்படியில்லை என்று பிராண்டும் அவருடைய குழுவும் பொறுமையாகக் கவனித்துக் கண்டுபிடித்தார்கள். நோய் நரம்பைக் கொல்கிறது, அதோடு வலி போய்விடுகிறது. வலி இல்லாதவர் முள் குத்தினாலும் நடக்கிறார், கொப்புளம் உடைந்தாலும் நடக்கிறார், எலும்பு நொறுங்கினாலும் அதே பாரத்தை அதே இடத்தில் வைத்து நடக்கிறார். நாம் எல்லோரும் நெடுந்தூரம் நடக்கும்போது நம்மையறியாமல் பாதம் ஊன்றும் விதத்தைச் சற்றே மாற்றிக்கொள்கிறோம்; அவர்களிடம் மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்பது வலி. அது அவர்களிடம் இல்லை. வேலூரிலும் கரிகிரியிலும் அந்தப் பாதங்களுக்காகத் தேடிப் பிடித்த மென்மையான ரப்பர்தான், இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்கும் எம்சிஆர் செருப்பு.

பிராண்ட் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை எழுதியிருக்கிறார். நெடும்பயணம் முடிந்து லண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது, குதிகாலில் பாதி உணர்ச்சியில்லாமல் இருப்பதாகப் பட்டது. ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தொழுநோய் தன்னையும் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டி, இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக் குத்தினார். அலறிவிட்டார், அப்படி வலித்தது. பயணத்தில் அசையாமல் உட்கார்ந்ததில் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவுதான். அந்த நொடியில் வலிக்கு நன்றி சொன்னவர், பிறகு வலியை இறைவன் தந்த கொடை என்றே எழுதினார். மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த கிறித்தவர் அவர். வெள்ளியம்பலத்துக் கதையை அவரிடம் சொல்லியிருந்தால், பாண்டியன் என்ன பேசுகிறான் என்று விளங்கிக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்திருக்காது.

ஏனென்றால் அந்தக் கதையில் அரசனுக்குக் கிடைத்த ஞானம் 63 கலைகளில் எதிலிருந்தும் வரவில்லை. நோகும் காலிலிருந்து வந்தது. தனக்கு வலிக்காத வரை, பிறர் நிற்பது அவனுக்கு ஓர் அழகான தோற்றம். தனக்கு வலித்த பின்புதான் அது நிற்பது என்று தெரிந்தது. இறைவனுக்கு வலிக்குமா என்ற கேள்விக்கு சித்தாந்தம் சொன்ன விடை மாற வேண்டியதில்லை. வலிக்கும் என்று எண்ணிப் பதறுகிற நெஞ்சுக்கு இறைவன் இசைந்தார் என்பதுதான் மதுரை அந்த விடையோடு சேர்த்துச் சொல்வது.

கால் மாறி ஆடுவது மனிதருக்கும் நேர்ந்திருக்கிறது. 1981-இல் திருச்சிக்கு அருகே நடந்த பேருந்து விபத்தின் பின் நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன் வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். 1984-இல் செயற்கைக் காலோடு மேடையேறினார். அவர் பொருத்திக்கொண்ட ஜெய்ப்பூர் பாதம் 1968 வாக்கில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கியது. அதுவரை கிடைத்த வெளிநாட்டுப் பாதம் பூட்ஸுக்குள் ஒளிந்திருப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை வைத்துக்கொண்டு குந்த முடியாது, சம்மணமிட முடியாது, வெறுங்காலில் வயலிலோ கோயிலிலோ நடக்க முடியாது. ரப்பரில் செய்த ஜெய்ப்பூர் பாதம் கரண்டைக்கு அசைவைத் திருப்பித் தந்தது.

சிம்மக்கல்லுக்குத் திரும்பலாம். அங்கே பழைய சொக்கநாதர் கோயில் இருக்கிறது. இடைக்காடர் பாடிய பாட்டைக் குலேச பாண்டியன் தலையசைத்துக்கூட மதிக்கவில்லை; மனம் நொந்த புலவர் சொக்கரிடம் முறையிட்டார்; சொக்கர் மீனாட்சியோடு கோயிலை விட்டு வெளியேறி, வடக்கே வைகையின் தென்கரைக்கு வந்து தங்கிவிட்டார். அப்படி வந்து தங்கிய வடதிருவாலவாய் இதுதான் என்பது ஊரார் நம்பிக்கை. வலிக்கிறது என்றவனுக்காகக் கால் மாற்றியவர், அவமானப்பட்டவருக்காக இடத்தையே மாற்றியிருக்கிறார். சற்றுத் தள்ளி, 1889-இல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தை ஒட்டிய ஆற்றில் சித்திரை பௌர்ணமி அன்று கள்ளழகர் இறங்குகிறார். அழகர்மலையிலிருந்து அவரைத் தோளில் சுமந்து வருகிறவர்களுக்குச் சீர்பாதம் தாங்கிகள் என்று பெயர். பாரம் இறங்குவது தோளில். வழிநெடுக நடப்பது அவர்கள் பாதம். பெயர் மட்டும் சுவாமியின் பாதத்தைச் சொல்கிறது. அவர்களும் தோள் மாற்றி, ஆள் மாற்றித்தான் சுமக்கிறார்கள். மாற்றாமல் யாராலும் சுமக்க முடியாது.

மாற்றிக்கொள்ள விடாத நிற்பும் இதே தெருக்களில் இருக்கிறது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை பத்து மணிக்கு நிற்கத் தொடங்கி இரவு வரை நிற்கும் பெண்களும் இளைஞர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சாய்ந்து நிற்கக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. வயது முப்பது ஆகுமுன்பே பாதம் வீங்கி, கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் விஜி பெண்கூட்டின் தலைமையில் இதற்காகப் போராடி 2018-இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழ்நாட்டில் 2021-இல், 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலையின் இடையே வாய்க்கும்போது உட்கார, ஒவ்வொரு கடையும் எல்லாப் பணியாளருக்கும் இருக்கை வைக்க வேண்டும்.

சட்டம் வந்தது பெரிய காரியம். அதே நேரம், ஒரு முக்காலியைப் போட சட்டசபை கூட வேண்டியிருந்தது நெஞ்சில் தைக்கிறது. வெள்ளியம்பலத்தில் கைகூப்பிவிட்டு நேராகத் துணிக்கடைக்குப் போகிறோம். பத்தாவது புடவையை விரித்துக் காட்டுகிற பெண், மேசைக்குப் பின்னால் நம் கண்ணில் படாத இடத்தில், வலது பாதத்தைச் செருப்பிலிருந்து உருவி இடது காலில் தேய்த்துக்கொள்கிறாள். ஒரு நிமிடம் உட்காரம்மா, அவசரமில்லை என்று சொல்ல வாடிக்கையாளருக்கும் வாய் இருக்கிறது. சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொன்னதும் அந்தப் பெண் முதலில் திரும்பிப் பார்ப்பது மேற்பார்வையாளர் எங்கே நிற்கிறார் என்று.

ராஜசேகர பாண்டியன் கேட்டது வலது காலுக்காக. அது அன்று மேலே போனது. அன்றைக்கு ஊன்றிய இடது காலை மாற்றச் சொல்லி, அவனுக்குப் பிறகு யாரும் வந்து கேட்டதாகக் கதை இல்லை.